தெரியாது என்று சொல்லும் கருவி

என் அருமை அண்ணிக்கு,

கோகிலா எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் கடிதமே எழுதியதில்லை. ஒரே வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? "அண்ணி" என்று கூப்பிட்டால் "என்ன கண்ணு?" என்று பதில் வந்துவிடும். இப்போது அந்தப் பதில் வருவதில்லை. அதனால்தான் எழுத்து. உங்களைத் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று இங்கே மைசூரில் உள்ள தமிழர்கள் நடத்தும் பத்திரிகைக்கே இதைக் கொடுக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லாமல் இருக்கிறார். ஹெப்பாள் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அடுப்படிக்குள் போய்விடுகிறார். உங்கள் ஊர் முறையில் கொள்ளுப் பருப்பு கடையக் கற்றுக்கொண்டிருக்கிறார். உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறாள். உங்கள் சமையலில் அத்தனை குறை கண்டுபிடித்த அதே அம்மாதான்.

இனி நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அண்ணி சாந்தாமணி, கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் தாலுகாவில் ராமாபுரத்தைச் சேர்ந்த, கொங்குத் தமிழ் பேசும் மஞ்சள் விவசாயியின் மகள். வேதியியல் படித்து, மைசூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நாங்கள் அப்பா காலத்தில் கட்டட வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். எங்கள் தமிழில் பாதி கன்னடம். அண்ணி புதிதாக வந்தபோது "வரோணும், போகோணும்" என்றால் எனக்குச் சிரிப்பு வரும். நான் "சும்னே இருங்க அண்ணி" என்று சும்மாவைக் கன்னடத்தில் சொன்னால் அவருக்குச் சிரிப்பு.

ஞாபகம் இருக்கிறதா அண்ணி? நீங்கள் வந்த புதிதில் அம்மா ஒருநாள் கேட்டாள், "தினமும் காலைல போயி சாயங்காலம் வர்றே. அந்த லேப்ல அப்படி என்னதான் பண்றே நீ?"

நீங்கள் எழுந்து போய் அம்மாவின் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வந்து மேசையில் வைத்தீர்கள். "அத்தை, இதுக்குத் தங்கச்சி ஒண்ணு செய்யறனுங்க. இந்தப் பட்டைல ஒரு சொட்டு ரத்தம் விட்டா, அதுல இருக்கற சக்கரையால கொஞ்சூண்டு மின்சாரம் உண்டாகுது. மிசினு அத அளந்து நம்பரா சொல்லுது. நம்மளுது கிருமியோட டி.என்.ஏ.வக் கண்டுபுடிச்சு, அதையும் மின்சாரமாவே சொல்லும்."

"அதுக்கும் விரல்ல குத்தணுமா?" என்றாள் அம்மா, கையை மடியில் மறைத்துக்கொண்டு.

"இல்லீங்க அத்தை. இது பாலுக்குங்க. பால்ல கெட்ட கிருமி இருக்கான்னு பாக்கறதுக்கு."

பாலுக்கு என்று தொடங்கியதுதான் உங்கள் வேலை. அது மனிதர்கள் பக்கம் திரும்பியது என் இருமலுக்குப் பிறகு.

அந்த இருமல் போகவே இல்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை முதலில் ஒருநாள் காலியாக இருந்தது, பிறகு தினமும் காலியாக இருந்தது. காசநோய் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலேயே விரைவுச் சோதனை செய்தார்கள். முக்கியமான மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அதில் வந்தது. மாத்திரை தொடங்கினேன். கொஞ்சம் தேறினேன். பிறகு மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் எடை குறைந்தது. இன்னொரு தடவை சளியை எடுத்து, தூரத்தில் இருக்கும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தோம். காசநோய்க்குக் கொடுக்கும் இரண்டு பெரிய மருந்துகளில் ஒன்றுக்கு மட்டும் என் கிருமி அடங்காது என்று கடைசியில் பதில் வந்தது. விரைவுச் சோதனை இன்னொரு மருந்தைத்தான் பார்க்குமாம், இதைப் பார்க்காதாம்.

அதற்குள் என் இடது நுரையீரலில் ஒரு மூலை கெட்டுப்போயிருந்தது.

சொந்தக்காரர்கள் வந்து வாசலில் நின்றே பேசிவிட்டுப் போன நாட்கள் அவை. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். வீட்டில் இரண்டு ஜன்னல் உள்ள ஒரே அறை உங்களுடையதும் அண்ணனுடையதும். யாரையும் கேட்காமல் என் கட்டிலை அங்கே போட்டீர்கள். நீங்கள் இருவரும் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டீர்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை ஊர்க்கதை பேசுவீர்கள். அந்தப் பெரிய ஆய்வகத்தின் பதில் வந்த அன்று மட்டும் ஊர்க்கதை இல்லை. இதைத்தான் சொன்னீர்கள்:

"உன்ற ஒடம்பு மேல தப்பில்ல கண்ணு. அந்தக் கிருமியோட டி.என்.ஏ.வுல ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சு. அத்தன நீளத்துல ஒரு எழுத்து. அதக் கண்டுபுடிச்சுச் சொல்ல இத்தன நாளு ஆச்சு பாரு, அதுதான் தப்பு."

மருந்தை மாற்றினார்கள். நான் தேறினேன். நான் மறுபடியும் கம்பெனி பஸ் ஏறிய அந்த மாதத்தில்தான் நீங்கள் பாலை விட்டுவிட்டுக் காசநோய்க் கிருமியைக் கையில் எடுத்ததாக அண்ணன் சொன்னார். மேலதிகாரிகளோடு எவ்வளவு வாதாடினீர்கள் என்பது எனக்கு உங்கள் இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். எனக்காகத்தான் மாற்றினீர்களா, அண்ணி? ஒரு தடவை கேட்டேன். "போ கண்ணு, தலைக்குத் தண்ணி ஊத்தற நேரத்துல" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நீங்கள் செய்தது எவ்வளவு அழகான வேலை என்று எனக்குப் புரியவைத்த நாளைச் சொல்கிறேன். நான் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் கைப்பையை வாங்கி அதன் ஜிப்பைப் பாதி திறந்து காட்டினீர்கள். "டி.என்.ஏ.ங்கறது இந்த ஜிப்பு மாதிரி. ரெண்டு வரிசைப் பல்லு. ஒண்ணுக்கொண்ணு சரியாப் பொருந்தோணும். ஒரு வரிசைய நான் பட்டைல இருக்கற தங்கப் புள்ளி மேல ஒட்டி வெச்சிருக்கறேன். நோயாளியோட சளியில இருந்து கிருமிய ஒடச்சு, அதோட டி.என்.ஏ.வப் பெருக்கி, ஒரு சொட்டு விடறேன். கிருமியோட வரிசை வந்து இதோட கோத்துக்கும். எல்லாப் பல்லும் சரியா ஒக்காந்தா, அது வழியா மின்சாரம் ஓடி, மேல இருக்கற நீலச் சாயத்தப் போய்த் தொடும். நடுவுல ஒரே ஒரு பல்லு பிசகுனாலும் ஓடாது."

"ஒண்ணே ஒண்ணு பிசகுனாலுமா?"

"ஒண்ணே ஒண்ணு. உன்ற கிருமில எழுத்து மாறுன எடம் இருக்குதே, அதத்தான் நடுப்பல்லா வெச்சிருக்கறேன். எழுத்து மாறாத கிருமின்னா ஓடும், மாறியிருந்தா ஓடாது."

பஸ் வந்துவிட்டது. ஜிப்பை மூடாமலேயே ஓடினேன். வழியெல்லாம் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே போனது நினைவிருக்கிறது. வாரக்கணக்கில் என்னைப் படுக்கையில் போட்ட அந்த ஒற்றை எழுத்தை, மதியச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிடும் ஒரு சின்னப் பட்டை! அதைச் செய்கிறவர் எங்கள் வீட்டில் துணி காயப்போடுகிறார்!

பிறகுதான் ராமாபுரத்தில் அந்த நாள்.

பட்டை ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்தது. உங்கள் ஊர் சுகாதார நிலையத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்ட ஏற்பாடானது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். உங்கள் அப்பா வெள்ளை வேட்டியில், கையில் செவ்வந்தி மாலையோடு முன் வரிசையில். குணமானவள் என்ற முறையில் நான் நான்கு வார்த்தை பேச வேண்டும். கோடை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பட்டைகள் வந்த வண்டி நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை வெயிலிலேயே நின்றிருந்தது.

சம்மதம் சொன்ன நோயாளிகளின் மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தீர்கள். முதல் பட்டையில் மின்சாரம் ஓடவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமி என்று பொருள். கூட்டத்தில் சலசலப்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "இந்தப் பக்கத்தில் இவ்வளவு பேருக்கா? இதை உடனே மேலே தெரிவிக்க வேண்டுமே" என்றார் கன்னடத்தில். உங்கள் அப்பாவுக்குச் சோதனை விவரம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் மகள் ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டாள் என்று முகமெல்லாம் பூரிப்பு.

நீங்கள் மட்டும் அசையவில்லை. உங்களோடு வேலை செய்யும் மஞ்சுநாத்திடம் ஐஸ் பெட்டியைக் கேட்டீர்கள். மருந்துக்கு நிச்சயம் அடங்கும் என்று தெரிந்த கிருமியின் டி.என்.ஏ. அதில் இருந்தது. ஒரு சொட்டு எடுத்து இன்னொரு பட்டையில் விட்டீர்கள். கட்டாயம் ஓட வேண்டிய அதிலும் மின்சாரம் ஓடவில்லை.

"சார், இது தப்பு," என்றீர்கள், எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்த முடிவு எதையும் எழுதாதீர்கள். நோயாளிகளின் கிருமி எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. என் பட்டைகள்தான் வெயிலில் செத்துப்போயிருக்கின்றன."

"பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், மேடம். இதில் ஒன்றிரண்டு சரியாகவும் இருக்கலாமே?"

"இருக்கலாம் சார். எது சரி என்று எனக்குத் தெரியாது. தெரியாததில் கையெழுத்துப் போட மாட்டேன்."

அதோடு நிற்கவில்லை நீங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து சொன்னீர்கள். "மிசினு கெட்டுப்போச்சுங்க. உங்க மாத்திரைய மட்டும் நிறுத்தீராதீங்க. தப்பு என்னோடதுங்க." ஒரு பெரியவருக்குக் காது மந்தம், அவரிடம் இரண்டு தடவை சத்தமாகச் சொன்னீர்கள், தப்பு என்னோடது என்று. பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

உங்கள் அப்பா பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார், "ஏஞ்சாமி, இதக் கொஞ்சம் மொல்லமாச் சொல்லக்கூடாதா? ஊரே பாக்குது."

"பாக்கட்டுங்கப்பா. இந்த மிசினு சொன்னதுன்னு நாளைக்கு ஒருத்தருக்கு நல்ல மருந்த நிறுத்திப்புட்டா என்ன பண்றதுங்க? மாலைய எடுத்து உள்ள வெய்யுங்கோ."

திரும்பி வரும்போது வண்டி கொள்ளேகாலைத் தாண்டியது. நான்தான் பொறுக்காமல் கேட்டேன், "ஏன் அண்ணி மெஷின் பொய் சொல்லிச்சு?"

"அது பொய் சொல்லல கண்ணு. பல்லு பிசகுனாலும் மின்சாரம் ஓடாது. பட்டை செத்துப்போனாலும் ஓடாது. ரெண்டுக்கும் அதுகிட்ட ஒரே பதிலுதான் இருக்குது. லேப்ல தெனமும் புதுப் பட்டை, பக்கத்துலயே சரிபாக்கற சாம்பிளு. அதனால எனக்கு ஒறைக்கவே இல்ல. தெரியலன்னு சொல்றதுக்கு அதுக்கு நாம வாயே குடுக்கல பாரு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதீர்கள். நான் பார்த்தேன். பார்க்காதது போல் இருந்தேன்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் ஆய்வுக்கூடம் போய்விட்டீர்கள்.

ஒரு தங்கப் புள்ளி இருந்த இடத்தில் இரண்டு புள்ளி வைத்தீர்கள். முதல் புள்ளியில் சாதாரணக் கிருமிக்குப் பொருந்தும் வரிசை. இரண்டாவதில் எழுத்து மாறிய கிருமிக்குப் பொருந்தும் வரிசை. முதல் புள்ளியில் ஓடினால் மருந்து கேட்கும். இரண்டாவதில் ஓடினால் கேட்காது. இரண்டிலும் ஓடாவிட்டால் பட்டையை நம்பாதே, மறுபடியும் சோதித்துப் பார். இதைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று பேச்சு வந்ததாம். ஆங்கிலத்தில் பெரிய வார்த்தையாக ஏதோ போடலாம் என்றாராம் மஞ்சுநாத். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சுகாதார நிலையத்தில் இருக்கும் யார் படித்தாலும் புரிய வேண்டும் என்று, தெரியாது என்பதற்கான கன்னடச் சொல்லையே போட்டீர்கள்: கொத்தில்ல.

மஞ்சுநாத் இதைப் பின்னால் என்னிடம் சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னார். "மேடம், கொத்தில்லான்னு சொல்ற மெஷின யாரு மேடம் வாங்குவாங்க?" என்று அவர் கேட்டாராம். அவர் பயந்தது போலவே ஆனது. பட்டையைத் தயாரிக்க முன்வந்திருந்த ஒரு கம்பெனி, அந்த மூன்றாவது பதிலை எடுத்துவிட்டால்தான் மேலே பேசுவோம் என்றது. டாக்டர்களுக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில் போதும் என்றார்கள். நீங்கள் போனிலேயே "அப்ப வேண்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு, அம்மா கேட்ட முருங்கைக்காயை நறுக்க ஆரம்பித்தீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கத்தி ஒரு சீராக ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை வருட உழைப்பு கையை விட்டுப் போகிறது என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"வருத்தமா இல்லையா அண்ணி?"

"இருக்குது கண்ணு. இல்லாம இருக்குமா?" என்றீர்கள். "ஆனா நீ படுத்துக் கெடந்தப்ப, ஒரு மிசினு உனக்கு எல்லாம் சரின்னு சொல்லிச்சு. அதுக்குத் தெரிஞ்சது ஒரு மருந்து. தெரியாதது இன்னொண்ணு. அந்தத் தெரியாதத அது சொல்லியிருந்தா, நாம அன்னைக்கே பெரிய லேபுக்கு ஓடியிருப்பம்ல?"

இரண்டு புள்ளிப் பட்டை வெயிலில் வைத்தும், மழையில் நனைந்த பெட்டியில் வைத்தும் தேறியது. கெட்டபோதெல்லாம் கெட்டேன் என்று ஒழுங்காகச் சொன்னது. அதைச் சொல்லிக்கொண்டே அன்று இரண்டாவது தடவை காபி குடித்தீர்கள். அத்தனை சந்தோஷமாக உங்களை நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம், காலையில் தலை பின்னிக்கொண்டிருந்த நீங்கள் "தல வலிக்குதுங்க" என்று அண்ணனிடம் சொன்னீர்கள். சீப்பு கையில் இருக்கும்போதே சாய்ந்துவிட்டீர்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பொழுது சாய்வதற்குள் நீங்கள் இல்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. யாரிடம் போய்க் கேட்பது, அண்ணி? எந்தச் சோதனை இதை முன்கூட்டியே சொல்லியிருக்கும்?

உங்கள் அப்பா வந்து உங்களைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு அந்த மாலைய எம்புள்ள கழுத்துல போட்டிருக்கோணும்" என்றார்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய செய்திக்கு வருகிறேன்.

மஞ்சுநாத் விடவில்லை. கம்பெனி இல்லாமலேயே, ஆய்வுக்கூடத்தில் கையால் பட்டை செய்து, நீங்கள் எழுதி வைத்த முறைப்படி சோதனையைத் தொடங்கிவிட்டார்கள். முதல் இடம் ராமாபுரம்தான். உங்கள் பட்டை ஒரு பதில் சொல்லும். நோயாளியின் அதே சளி பெரிய ஆய்வகத்துக்கும் போகும். இரண்டும் பிறகு ஒப்பிடப்படும். முதல் நாளே ஒரு பட்டை "கொத்தில்ல" என்றதாம். அங்கிருந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே, "ஆயித்து, சரி, இன்னொண்ணு போடலாம்" என்று வேறு பட்டையை எடுத்தாராம். யாருக்கும் அவமானமாக இல்லை. யாரும் மறைக்கவும் இல்லை.

அந்த வாரமே ராமாபுரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மாதிரியில் இரண்டாவது புள்ளி பதில் சொன்னது. எனக்கு வந்த அதே எழுத்து. அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் திட்டுவீர்கள். பட்டையின் பேச்சை மட்டும் கேட்டு மருந்தை மாற்றக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் டாக்டர் அவளுடைய மாதிரியை உடனே அவசரம் என்று குறித்து அனுப்பினார். பதில் வந்தது. உங்கள் பட்டை சொன்னது சரி. அவளுக்கு மருந்து மாறிவிட்டது, அண்ணி. நுரையீரல் கெடுவதற்கு முன்னாலேயே மாறிவிட்டது.

அவளுக்குக் கைக்குழந்தை. மாமியார் வீட்டில் தனியாகப் படுக்கச் சொல்லிவிட்டார்களாம். குணமானவர்கள் யாராவது வந்து பேசினால் தைரியமாக இருக்கும் என்று சுகாதார நிலையத்தில் கேட்டார்கள். அவள் சம்மதித்ததும் போன ஞாயிற்றுக்கிழமை போனேன். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டப் போனதும் நகர்ந்தாள்.

"நகராதீங்க," என்றேன். "எனக்கும் இதேதான் வந்துது. இப்ப பாருங்க, மாடி ஏறுனாகூட மூச்சு வாங்கறதில்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசமாலுமுங்களா அக்கா? எம்புள்ளயத் தூக்கலாமுங்களா?"

"நெசமா. டாக்டர் சரின்னு சொன்னதும் தூக்கலாம்."

"உங்களுக்கு யாருங்க சொன்னாங்க, இதெல்லாம் சரியாப் போகும்னு?"

உங்கள் பெயரைச் சொன்னேன். ராமாபுரத்து மஞ்சள்காட்டுக்காரர் மகளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு மாலையைத் திருப்பிக் கொண்டுபோனார்களே, அந்த அக்காவா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். அவள் முந்தானையை முகத்திலிருந்து எடுத்துவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள்.

அந்த மாமியாரிடமும் பேசினேன். உங்களைப் போலப் பொறுமையாகப் பேச எனக்கு வராது. கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். ஆனால் கிளம்பும்போது அவளுக்காகக் காற்று வரும் அறையைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு இன்னும் பல மாதம் மாத்திரை இருக்கிறது. நடுவில் வாந்தி வரும், சலிப்பு வரும், நிறுத்திவிடலாம் என்று தோன்றும். எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் மைசூரிலிருந்து பஸ் ஏறிப் போவேன், அண்ணி. மழையென்றாலும் போவேன். அவள் கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் அறையில் படுத்துப் பிழைத்து எழுந்த
உங்கள் நாத்தனார்
கோகிலா
மைசூரு